துக்கமும் வாடகையும்

நம் அறநெறி வகுப்புகளில் பன்னிரு பாவனைகளைக் கற்பிக்கும்போது முதலில் வருவது அநித்திய பாவனை. யாக்கை நிலையாது, இளமை நிலையாது, செல்வம் நிலையாது என்பதைச் சிறுவர் சிறுமியர் பிழையின்றி ஒப்புவிக்கின்றனர். அவ்வாறு ஒப்புவித்தவர் வளர்ந்து, தம் இல்லத்தில் ஓர் இறப்பு நேரும்போது முதலில் செய்வது யாது? உறவினர்க்குச் சொல்லியனுப்புவதா? உபாத்தியாயரை அழைப்பதா? இரண்டும் அன்று. புதுச்சேரி நகரில் இன்று முதற்செய்தி பெரும்பாலும் 'ஐஸ் பெட்டி' வாடகைக்கு விடுபவர்க்கே செல்கிறது. ஏனைய யாவும் அதன் பின்னர்த்தான்.

இதனைக் குறை கூறுவதற்காகச் சொல்லவில்லை. அப்பெட்டி ஒரு வீட்டினுள் நுழைந்தவுடன் துக்கத்தின் காலமும், சடங்கின் வரிசையும், செலவின் அளவும் எவ்வாறு மாறுகின்றன என்பதை ஆராய்வதே இப்பாடத்தின் நோக்கம்.

முன்னாளில் நிகழ்ந்த முறையை இளையோர்க்கு முதலில் சொல்லியாக வேண்டும். நாம் சிறுமியாக இருந்த 1950களின் இறுதியில், திண்டிவனத்தை அடுத்த நம் சிற்றூரில் காலையில் ஒருவர் மறைந்தால் பொழுது சாய்வதற்குள் தகனம் முடிந்துவிடும். உடல் வீட்டில் கிடக்கும்வரை அத்தெருவில் எவர் வீட்டிலும் அடுப்பு எரியாது. ஒருவர் பச்சை மூங்கில் வெட்டச் செல்வார். இருவர் தென்னங்கீற்று முடைவர். ஒருவர் மிதிவண்டியில் அடுத்த ஊர்களுக்குச் சொல்லப் போவார். பெண்கள் நீர் காய்ச்சி உடலைக் குளிப்பாட்டுவர். பெயரப்பிள்ளைகளின் கையில் நெய்ப்பந்தம் கொடுக்கப்படும். நம்மவர் பொழுது சாய்ந்தபின் உண்ணாராதலின், குழந்தைகட்கும் முதியோர்க்கும் பக்கத்து ஊர் உறவினர் மாலைக்குள் சோறு கொண்டுவந்து சேர்ப்பர். விலை கொடுத்து வாங்கியவை கோடித்துணி, கற்பூரம், நெய், கொஞ்சம் பூ, அவ்வளவே. எல்லார் கைகளிலும் ஒரு வேலை இருந்தது. அழுபவரின் கைகளிலும் இருந்தது.

இவ்விரைவு முன்னோரின் சிறப்புக் குணத்தால் வந்ததன்று. வெப்ப நாட்டில் உடலை வைத்திருக்க இயலாது என்பதே முதற்காரணம். நம் சமயத்தில் இதற்கு மேலும் ஒரு காரணம் உண்டு. உயிர் நீங்கிய உடலில் அந்தர்முகூர்த்தத்திற்குள், அதாவது 48 நிமிடத்திற்கும் குறைந்த காலத்தில், சம்மூர்ச்சனமாக நுண்ணுயிர்கள் தோன்றத் தொடங்கும் என ஆன்றோர் கொண்டனர். ஆதலின் தாமதிக்குந்தோறும் எரியில் மாயும் உயிர்கள் பெருகும். விரைந்து தகனம் செய்வது வசதி பற்றியது மட்டுமன்று, கொல்லாமையைப் பற்றியது. குளிர் இந்நுண்ணுயிர்களின் பெருக்கத்தைத் தாழ்த்துமேயன்றி அறவே நிறுத்துவதில்லை.

உடலைப் பல நாள் வைத்திருத்தல் முன்னாளில் மிக அரியது. நம் நகரில் 1950 டிசம்பர் 5 அன்று ஸ்ரீ அரவிந்தர் மறைந்தபோது, 9ஆம் நாளன்றுதான் ஆசிரமத்து முற்றத்தில் அடக்கம் நிகழ்ந்தது. அதனை ஊரே அதிசயமாகப் பேசிற்று என்று பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். இன்றோ எந்தச் சந்திலும் எந்தக் குடும்பமும் இரண்டு மூன்று நாள் வைத்திருக்கலாம். கண்ணாடி மூடியும் சக்கரங்களும் உடைய பெட்டி கடந்த முப்பது ஆண்டுகளுக்குள் தமிழகமெங்கும் பரவிவிட்டது. அதற்கு நாள் வாடகை.

புதுவைக்கு அப்பெட்டி இன்றியமையாததாகத் தோன்றியதற்குத் தனிக்காரணமும் உண்டு. 1954 நவம்பர் 1இல் இவ்வூர் இந்தியாவின் ஆட்சிக்கு வந்தது. 1962 ஆகஸ்டு 16இல் சட்டப்படியான ஒப்படைப்பு நிறைவேறியது. அப்போது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தெரிந்துகொண்ட குடும்பங்களின் பிள்ளைகளும், பின்னர்ப் பிழைப்பு நாடிச் சென்றோரும் பாரீசிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வாழ்கின்றனர். அங்கு விமானம் ஏறிச் சென்னையில் இறங்கி, மேலும் 150 கிலோமீட்டர் சாலைவழி வந்து சேர ஒன்றரை நாளேனும் ஆகும். தாயின் முகத்தை ஒரு முறை காண வேண்டும் என்று மகன் கேட்கும்போது, மறுக்கும் நெஞ்சுரம் எவர்க்கு உண்டு? பெட்டி வந்தது அன்பினால்தான். இதனை நாம் மறத்தல் கூடாது.

இனி, பெட்டி வந்தபின் நிகழ்வதைக் காண்போம். ஆறு மணி நேரத்தில் முடிவதாயின் விற்பவர்க்கு நேரமே இல்லை. இரண்டு நாள் ஆகுமெனின் வருவோர்க்கு நிழல் வேண்டும், ஆகவே பந்தல். அமர நாற்காலி வேண்டும். இரவில் விளக்கு வேண்டும். மின்சாரம் நின்றால் பெட்டி நின்றுவிடுமாதலின் ஜெனரேட்டர் வேண்டும். தேநீர், குடிநீர்ப் புட்டிகள், மூன்று வேளை உணவு. எடுக்கும் நேரத்தை அறிவிக்க இரண்டு நாள் அவகாசம் இருப்பதால் சுவரொட்டி, பேனர், நாளிதழ் விளம்பரம். இறுதியில் பூ அலங்காரம் செய்த ஊர்தி, சிலர்க்கு வெடி, சிலர்க்குத் தெருவெல்லாம் தூவப் பூக்கூடைகள். ஒவ்வொன்றும் முன்னதிலிருந்து பிறக்கிறது. எவரும் திட்டமிட்டுக் குடும்பத்தை ஏமாற்ற வேண்டுவதில்லை. காத்திருத்தல் ஒன்றே இவ்வளவையும் ஈன்றுவிடும். பந்தல்காரரிடம் மணவீட்டிற்கும் பிணவீட்டிற்கும் ஒரே நாற்காலிகள்தாம். மணப்பறையே அன்று பிணப்பறையாதலும் கூடும் என்னும் கருத்தை நாலடியாரில் பயின்ற நமக்கு இது வியப்பன்று.

இத்தகைய தொடர்ச்சி அமெரிக்காவில் நமக்கு ஒரு நூற்றாண்டு முன்னரே நிகழ்ந்தது. 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில் மடிந்த வீரர் சிலரின் உடல்களைத் தொலைவிலுள்ள ஊர்களுக்கு அனுப்ப வேண்டி, மருந்தேற்றிப் பாதுகாக்கும் முறை கையாளப்பட்டது. 1865 ஏப்ரலில் கொல்லப்பட்ட ஆபிரகாம் லிங்கனின் உடல் அவ்வாறே பதப்படுத்தப்பட்டுப் புகைவண்டியில் ஏறத்தாழ இரண்டு வாரம் ஊர் ஊராகச் சென்றதை மக்கள் கண்டனர். அதன் பின்னர் அம்முறை பொதுவழக்காயிற்று. உடலை நிறுத்திவைக்க இயன்றதும், பெட்டி செய்யும் தச்சரும் வண்டி வைத்திருந்தோரும் தனித்தொழிலினர் ஆயினர். வீட்டுக் கூடத்தில் நிகழ்ந்தது அவர்தம் கூடத்திற்கு மாறிற்று. 1963இல் ஜெசிகா மிட்ஃபோர்டு என்னும் எழுத்தாளர் இத்தொழிலின் விலைகளை ஆராய்ந்து நூல் எழுதி நாடெங்கும் விவாதத்தை எழுப்பினார். 1984இல் நடுவண் வணிகக் குழு விதியொன்றை நடைமுறைப்படுத்தியது. அதன்படி, ஒவ்வொரு பொருளுக்கும் பணிக்கும் தனித்தனி விலைப்பட்டியலைக் கேட்போரிடம் தர வேண்டும். தொலைபேசியில் கேட்டாலும் விலை சொல்ல வேண்டும்.

நம் ஊரை ஆண்ட பிரெஞ்சியரின் தாயகத்திலோ கதை வேறு. 1804ஆம் ஆண்டின் ஆணை அடக்கப் பணிகளைத் திருச்சபை அமைப்புகளின் உரிமையாக்கியது. அங்குச் சவ ஊர்வலமும் இரயில் பெட்டியைப் போல் வகுப்பு வகுப்பாக விற்கப்பட்டது. 1904இல் அவ்வுரிமை ஊராட்சிகளுக்கு மாற்றப்பட்டது. 1993 சனவரியில் இயற்றிய சட்டம் அத்தனியுரிமையையும் நீக்கித் தொழிலைப் போட்டிக்குத் திறந்துவிட்டது. கோயிலிடம் இருந்தாலும், அரசிடம் இருந்தாலும், கடையிடம் இருந்தாலும் விலை என்னும் ஒன்று இருந்தே வந்துள்ளது.

ஏனைய வணிகங்களுக்கும் இதற்கும் வேறுபாடு யாது என்று மாணவர் வினவலாம். புடவை வாங்கும் பெண் நான்கு கடை ஏறுகிறாள். மறுநாள் வரலாம் என்று திரும்புகிறாள். துக்க வீட்டார்க்கு மறுநாள் இல்லை, முன்னனுபவம் இல்லை, பேரம் பேசினால் 'அப்பாவுக்குக்கூடக் கணக்குப் பார்க்கிறார்கள்' என்னும் பழி உண்டு. 'எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்னும் சொல் அவ்வேளையில் தேன்போல் இனிக்கும். நாமறிந்த ஒரு வீட்டில் ஒரு நாளுக்கென்று வந்த பெட்டி மூன்று நாள் நின்றது. கணக்கு நாட்காட்டித் தாளின் பின்புறம் எழுதித் தரப்பட்டது. கேட்காத பூவும் கேட்காத ஒலிபெருக்கியும் அதில் இருந்தன. கணவரை இழந்த அம்மையார் பதினாறாம் நாள் விருந்திற்குத் தம் தாலிக்கொடியை அடகு வைத்தார். இனி அதற்குப் பயன் என்ன என்று அவரே சொன்னார். கேட்டிருந்த நமக்கு மறுமொழி எழவில்லை.

சட்டம் இதில் ஓரளவு துணை நிற்கிறது. 2017ஆம் ஆண்டின் சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டம் ஈமப்பணி, அடக்கம், தகனம், பிணவறை, இறந்தவர் உடலைக் கொண்டுசெல்லுதல் ஆகியவற்றை வரிக்குரிய வழங்கலாகவே கருதுவதில்லை. சுவரொட்டி அச்சிடுதலும் கருமாதி விருந்தும் அச்சலுகையில் சேர்ந்தவையல்ல. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமோ, விற்ற பொருளுக்கும் செய்த பணிக்கும் இரசீது தராதிருத்தலை முறையற்ற வணிகம் என்கிறது. எனவே துக்க வீட்டின் சார்பில் உறவினர் ஒருவர் முன்னதாகவே விலையை எழுதி வாங்குதல் அவமரியாதை ஆகாது. அழுபவர் அதனைச் செய்ய இயலாது. அழாதவர் ஒருவர்தாம் செய்ய வேண்டும். பழைய நாளில் மூங்கில் வெட்டப் போனவரின் இடம் இன்று இவருடையது.

பணத்தை விடுத்துச் சடங்கைப் பார்ப்போம். பாடை போய் ஊர்தி வந்தபின் தோள்கொடுப்பார்க்கு வேலை இல்லை. வழியில் இறக்கி வைத்துத் திசை மாற்றும் வழக்கம் ஊர்தி நிற்கும் இடத்தில் ஒரு பாவனையாகச் சுருங்கிற்று. மின்தகனமும் எரிவாயுத் தகனமும் வந்த ஊர்களில் நேரத்தைக் குறிப்பவர் உபாத்தியாயர் அல்லர், மயான அலுவலரே. விறகாயின் ஓர் உடலுக்கு ஏறத்தாழ 400 முதல் 600 கிலோ வேண்டும். அவ்விறகினுள் வாழும் சிற்றுயிர்களை எண்ணினால் எரிவாயு நமக்கு உகந்ததே. ஆயினும் ஓரிரு மணி நேரத்தில் சாம்பல் கைக்கு வந்துவிடுவதால், மறுநாட் காலை மீண்டும் அவ்விடம் சென்று பால் தெளித்து எலும்பு பொறுக்கும் வழக்கம் அன்றே முடிந்துவிடுகிறது. அம்மறுநாள் பயணம் எதற்கு என்று நாமும் இளமையில் எண்ணியதுண்டு. முதல் நாள் ஆரவாரத்தில் அழ மறந்தவர் மறுநாள் அவ்வெறுமையில் நின்று அழுவர், அதற்குத்தான் போலும். விடுமுறை இன்மையால் பதினாறாம் நாளும் நெருங்கிய ஞாயிற்றுக்கிழமைக்கு நகர்கிறது, சில வீடுகளில் மூன்றாம் நாளுக்கே வந்துவிடுகிறது.

இவ்விடத்தில் நம் தத்துவம் கூறுவதைக் கருத வேண்டும். உமாசுவாமிகளின் தத்துவார்த்த சூத்திரம் இரண்டாம் அத்தியாயத்தில், ஓருடலை நீங்கிய உயிர் அடுத்த பிறப்பிடத்திற்குச் செல்லும் வகை விளக்கப்படுகிறது. அச்செலவிடையில் உயிர் ஊட்டம் கொள்ளாதிருப்பது ஒன்று, இரண்டு, மிகுந்தால் மூன்று சமயமே. சமயம் என்பது காலத்தின் பகுக்கவொண்ணா நுண்ணலகு. கண்ணிமைக்கும் நேரத்தில் எண்ணற்ற சமயங்கள் அடங்கும். பெட்டிக்காரர்க்குச் சொல்லியனுப்புவதற்கும் முன்னரே, உற்றார் வாய்விட்டு அழத் தொடங்குவதற்கும் முன்னரே, அவ்வுயிர் தன் வினைக்கேற்ற கதியை அடைந்துவிட்டது. ஆகவேதான் பிண்டமிடுதலும் நீத்தார்க்கு உணவளித்தலும் நம் நெறியில் இடம்பெறவில்லை. அமாவாசை தோறும் சங்கராபரணி ஆற்றங்கரையில் திருக்காஞ்சிக்குச் சென்று தர்ப்பணம் செய்யும் நம் அண்டை வீட்டாரின் பத்தியை நாம் மதிக்கிறோம். நவம்பர் 2ஆம் நாள் உப்பளம் கல்லறைகளில் மெழுகுவர்த்தி ஏற்றும் கிறித்தவ அன்பர்களையும் மதிக்கிறோம். நம் நிலை வேறு. நம் வீட்டில் செய்யும் எதுவும் போனவர்க்குப் போய்ச் சேராது, அனைத்தும் இருப்பவர்க்கே. இதனை ஏற்றால் ஒவ்வொரு பொருளையும் ஒரு வினாவால் அளந்துவிடலாம்: இருப்பவருள் எவர்க்கு இது உதவுகிறது? பாரீசிலிருந்து வரும் மகளுக்குப் பெட்டி உதவுகிறது. வெடி எவர்க்கு உதவுகிறது? எதிர்வீட்டுக் கைக்குழந்தையும் தெருநாயும் மரத்துப் பறவையும் நடுங்குவதன்றி வேறு பயன் காணோம். தெருவில் தூவி மிதிபடும் பூவும் அத்தகையதே.

சுவரொட்டியைப் பற்றி ஒரு சொல். செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றத்துப் பாறையில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர் உருவங்களைக் கண்டு வணங்கிய வாசகர் பலர் இருப்பீர். அக்குன்றில் ஏறத்தாழ 1500 ஆண்டுகளுக்கு முற்பட்ட கல்வெட்டு ஒன்று உண்டு. சந்திரநந்தி என்னும் ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்ததைக் கூறும் நிசீதிகை அது. தமிழ் எழுத்து வளர்ச்சியை ஆய்வோர் போற்றும் சான்றும் ஆகும். அதில் இருப்பவை அவர் பெயரும், நோற்ற நாள்களும், இஃது அவர் நிசீதிகை என்பதும் மட்டுமே. வெட்டுவித்தவர் பெயரைக் காணோம். இன்றைய கண்ணீர் அஞ்சலிப் பேனரில் மறைந்தவர் படம் நடுவே சிறிதாகவும், அஞ்சலி செலுத்துவோர் படங்கள் சுற்றிலும் வரிசையாகவும் நிற்கக் காண்கிறோம். எவர் இறந்தார் என்று அறியச் சற்று நேரம் நின்று பார்க்க வேண்டியுள்ளது.

இவ்வளவும் சொல்லியபின் மறுபக்கத்தையும் சொல்லாவிடில் பாடம் நேர்மையாகாது. பழைய நாளில் தெருவே கூடிச் செய்தது என்றோம். தெரு செய்ய விரும்பாத வேலைகளும் இருந்தன. குழி வெட்டுதல், சிதையைக் கிளறி எரித்தல், சாப்பறை கொட்டுதல், தொலைவூர்க்கு இழவு சொல்லப் போதல் ஆகியவை பிறப்பினால் சிலர் தலையில் சுமத்தப்பட்டன. கொடுத்தது கூலியன்று, படி நெல்லும் பழந்துணியுமே. அவர் மறுக்க முடியாதிருந்தது. மறுத்த ஊர்களில் அடிபட்டனர். பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ பிணம் சுமக்கவும் குழி வெட்டவும் வைப்பதை வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தம் குற்றமாக்கியது என்பதிலிருந்தே, அக்கொடுமை எவ்வளவு அண்மைக்காலம் வரை நீடித்தது என்று அறியலாம். பணம் கொடுத்து அமர்த்தும் தொழிலாளி வேலையை விட்டுச் செல்லலாம், கூலியைக் கூட்டிக் கேட்கலாம். கொல்லாமை பேசும் நாம் அந்நாளில் இதனைக் கண்டும் காணாதிருந்தோம். அந்த ஒன்றில் வணிகம் நம்மினும் மேலாயிற்று.

மற்றொரு நன்மை பெண்களுக்கு. பாடை போன நாளில் பெண்கள் தெருமுனையோடு திரும்ப வேண்டும். ஊர்தியின் இருபுறமும் இருக்கை வந்தபின், மகன் இல்லாத வீட்டில் மகள் உடன் சென்று தீயிடுகிறாள். எவரும் பெரிதாகத் தடுப்பதில்லை. உறவினர் இன்றித் தனித்து வாழும் முதியோர் நம் நகரில் பெருகியுள்ளனர். அவர்க்கு அப்பணியாளரே சுற்றம். இரவு இரண்டு மணிக்கு அழைத்தாலும் வருகின்றனர் அன்றோ?

கைகளின் வேலை அறவே பறிக்கப்பட்டால் யாதாகும் என்பதைப் பெருந்தொற்றுக் காலத்தில் கண்டோம். 2020இல் இறுதிச் சடங்கிற்கு 20 பேருக்கு மேல் கூடலாகாது என்று நடுவண் அரசு வரையறுத்தது. தொற்றால் இறந்தவரைக் குளிப்பாட்டவோ தொடவோ இயலவில்லை. அவ்வாண்டு சூன் மாதத்தில் நம் புதுவையிலேயே, உறையிட்ட ஓர் உடலைக் குழியில் எறிந்துவிட்டு நகரும் காட்சி படமாகப் பரவி நாட்டையே வருந்தச் செய்தது. அவ்வுயிர்க்கு அதனால் குறையொன்றும் இல்லை என்பது நம் சித்தாந்தம். கண்டவர் நெஞ்சு ஏன் பதறிற்று? இவ்வினாவை மேல்வகுப்பு மாணவரிடம் வைத்துப் பாருங்கள். நல்ல விடைகள் வரும்.

சீவக சிந்தாமணியில் கந்துக்கடன் பெருவணிகன். ஏவினால் ஓடிவர ஆட்கள் உண்டு. எனினும் இறந்த தன் மகவை அடக்கம் செய்யச் சுடுகாட்டிற்குத் தானே வந்தான். வந்ததனால் அன்றோ அங்குப் பிறந்து கிடந்த சீவகன் அவன் கைக்குக் கிடைத்தான்? எல்லாவற்றையும் வாடகைக்கு எடுக்கும் வீட்டிலும் ஒன்றிரண்டு வேலைகளை நமக்கென நிறுத்திக்கொள்ளலாம் என்பதற்கு இக்கதையைச் சொல்வது வழக்கம். குளிப்பாட்டுதலை வெளியாரிடம் விடாதிருக்கலாம். பொழுது சாய்வதற்குமுன் குழந்தைகட்கு ஊட்டும் சோற்றைக் கடையில் வாங்காமல் அண்டையார் வடிக்கலாம். பஞ்ச நமஸ்காரத்தை ஒலிநாடாவிலும் கைபேசியிலும் ஓடவிடாமல் வாயால் ஓதலாம். தொண்டை அடைத்தால் அடுத்தவர் தொடர்வார்.

எழுதி வைத்தலும் நன்று. 'காடு வா வா என்கிறது, வீடு போ போ என்கிறது' என்னும் வயதில் உள்ள நாம் சென்ற ஆண்டு ஒரு தாளில் நம் விருப்பங்களை எழுதிப் பீரோவில் வைத்து, படி ஒன்றைப் பிரான்சிலுள்ள மகனுக்கும் அனுப்பினோம். வெடி வேண்டா, தெருவில் பூ வேண்டா, பேனர் வேண்டா, எரிவாயுத் தகனம், விருந்துக்கு ஆகும் தொகை ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளின் புத்தகங்களுக்கு, மகள் தீயிடலாம். இறுதி வரியில், எவர்க்காகவும் பெட்டியில் வைத்துக் காத்திராமல் அன்றே எடுத்துவிட வேண்டும் என்று எழுதியிருந்தோம். மகன் தொலைபேசியில் அழைத்தான். மற்றவை அனைத்துக்கும் உடன்பட்டான். அந்த வரியை மட்டும் தன்னிடம் விட்டுவிடுமாறு கேட்டான். அதனை அடித்துவிட்டோம், வேறொன்றும் இன்னும் எழுதவில்லை.